கறுப்புக் கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டு நிற்கிற மஜிக்காரர் யார்?

திருகோணமலையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 26, பகலில் பாமசி ஒன்றில் வேலை. இரண்டு வருடமாக மஜிக் பழகி, பிறந்தநாள் வீடுகள், முன்பள்ளி விழாக்கள், ஒரு கோயில் கலைநிகழ்ச்சி என்று செய்திருக்கிறார். ஐட்டங்கள் பிழைப்பதில்லை. ஆனால் கறுப்புக் கோட்டும் உயரத் தொப்பியும் போட்டுக்கொண்டு மேடை ஏறினால் சனம் விறைத்துப்போய்ப் பார்க்கிறது. இணையத்தில் பொறுக்கிய பகிடிகளுக்கு ஒருவரும் சிரிப்பதில்லை. கூட்டாளி ஒருவர் “கோமாளி உடுப்பைப் போடு, தானாகச் சிரிப்பாங்கள்” என்கிறாராம். தன் குணத்துக்கு எந்த உடுப்பு, எந்த மாதிரிப் பகிடி பொருந்தும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, உடுப்பையும் பகிடியையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். அதற்கு முன்னால் வேறொன்றுக்குப் பதில் வேண்டும். மேடையில் நடக்கிற அந்த மாயத்தைச் செய்வது யார்?

‘நான்தான்’ என்று சட்டென்று சொல்லிவிடாதீர்கள். கையில் இருக்கிற லேஞ்சி நிறம் மாறுகிறது. அதை மாற்றியவர் நீங்களா? அப்படியானால் நீங்கள் சக்தி உள்ள ஆள். மாறப்போகிறது என்று உங்களுக்கு முன்பே தெரியும், அதனால் நீங்கள் ஆச்சரியப்படக் கூடாது. இல்லை, லேஞ்சி தன் பாட்டுக்கு மாறி உங்களைத் திகைக்க வைக்கிறதா? அப்படியானால் நீங்கள் அகப்பட்டுக்கொண்ட ஆள். உங்கள் பகிடி வாயில் இல்லை, முகத்தில் இருக்கிறது. அதுவும் இல்லை, சிவப்பாக மாற்றுகிறேன் என்று சவால் விட்டீர்கள், அது பச்சையாக மாறித் தொலைத்தது என்றால் நீங்கள் வீம்புக்காரர், விழுந்து எழும்புகிற ஆள். மூன்று பேரும் ஒரே லேஞ்சியைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஒரே உடுப்பைப் போட முடியாது.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் கரைச்சல் இங்கேதான் இருக்கிறது. கறுப்புக் கோட் முதலாவது ஆளுடையது. இணையத்துப் பகிடி மூன்றாவது ஆளுடையது. ஒவ்வொரு ஐட்டமும் முடிந்த பிறகு ‘எனக்கே நம்ப முடியவில்லை’ என்று சிரிக்கிறதாக எழுதியிருக்கிறீர்களே, அது இரண்டாவது ஆள். மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏறி நின்றால் சனம் யாரைப் பார்த்துச் சிரிக்கும், பாவம்.

அந்தக் கோட்டின் கதையைக் கேளுங்கள். பிரான்ஸில் ரொபேர் ஊதான் என்று ஒருவர் இருந்தார். 1805இல் பிறந்தவர், தொழிலில் மணிக்கூடு செய்பவர். பின்னாளில் புகழ்பெற்ற மஜிக்காரர் ஹூடினி தன் மேடைப் பெயரையே இவருடைய பெயரிலிருந்துதான் எடுத்தார். இவர் 1845இல் பாரிஸில் சொந்தமாக ஒரு சிறு அரங்கு திறந்தார். அதற்கு முந்திய காலத்து வித்தைக்காரர்கள் பலர் நீளமான அங்கியும் கூம்புத் தொப்பியுமாக, மேசை நிறைய மினுமினுக்கும் சாமான்களோடு நின்றார்கள். ஊதான் அதையெல்லாம் கழற்றிவிட்டு, மாலை விருந்துக்குப் போகிற கனவான் போடுகிற கறுப்பு உடுப்போடு வந்து நின்றார். மஜிக்காரர் என்பவர் மந்திரவாதியின் வேடத்தில் நடிக்கிற நடிகர் என்று எழுதி வைத்ததும் இவர்தான். அவர் போட்டது மஜிக்காரர் உடுப்பு அல்ல, முன்வரிசையில் இருந்தவர்களின் உடுப்பு. ‘உங்களில் ஒருவன்தான் நான், ஆனால் பாருங்கள்’ என்பது அதன் அர்த்தம். நாங்கள் உடுப்பை மட்டும் இறக்குமதி செய்தோம், அர்த்தத்தைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம். ஊதான் இன்றைக்குத் திருகோணமலையில் ஒரு வாணிவிழாவுக்கு மஜிக் செய்ய வந்தால் என்ன உடுத்துவார் என்று யோசியுங்கள். வேட்டியும் மடிப்புக் குலையாத சேர்ட்டும்தான். கறுப்புக் கோட்டை நிச்சயமாகத் தொடமாட்டார்.

எனக்கும் இது பட்டுத்தான் தெரிந்தது. இருபத்திரண்டு வயதில் ஒரு பாடசாலைப் பரிசளிப்பு விழாவில் கூப்பிட்டார்கள். மாமாவின் கலியாணக் கோட்டை இரவல் வாங்கிப் போட்டேன். கச்சான் காற்று அடிக்கிற காலம், அந்த வறண்ட சூடு உங்களுக்குத் தெரியும். தகரக் கூரை மண்டபம், மத்தியானம் இரண்டு மணி. மூன்றாவது ஐட்டத்தில் உள்ளங்கை நனைந்து, வெறுங்கையில் இருந்து பூப்போல விரிய வேண்டிய பட்டு லேஞ்சி ஈரத் துணிபோல விரலில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. முன்வரிசையில் இருந்த ஒரு பொடியன் எழும்பி, “அங்கிள், வேர்க்குது. கோட்டைக் கழட்டுங்கோவன்” என்றான். மண்டபமே சிரித்தது. நான் அன்றைக்குத் தயார் பண்ணிக்கொண்டு போன பன்னிரண்டு பகிடிக்கும் கிடைக்காத சிரிப்பு.

கோபம்தான் வந்தது. ஆனாலும் கழற்றினேன். உள்ளே நான் காலையில் கந்தோருக்குப் போட்டுக்கொண்டு போன அரைக்கை வெள்ளைச் சேர்ட், பொக்கெற்றில் இரண்டு பேனை. சனத்தின் முகம் அப்படியே இளகியதைக் கண்ணால் பார்த்தேன். அது ஏன் என்று விளங்க எனக்கு நாலைந்து வருடம் எடுத்தது. நான் கிளாக்கர். நடை கிளாக்கர், முழிப்பு கிளாக்கர். கோட்டைப் போட்டதும் ஏதோ பொய்யாகிவிட்டேன். பிறகு மேடையிலும் கிளாக்கராகவே நிற்பது என்று முடிவு செய்தேன். அதுவும் மாயத்தைச் செய்கிற கிளாக்கர் அல்ல. கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்று தவிக்கிற, ஆனால் மாயம் நடந்து நடந்து கணக்கைக் குழப்பிவிடுகிற கிளாக்கர்.

அந்த ஒரு முடிவு மற்றதெல்லாவற்றையும் தானே முடிவு செய்தது. மந்திரக்கோல் தேவையில்லை, ரப்பர் சீல் இருக்கிறது. மேசை விரிப்புத் தேவையில்லை, பைல் இருக்கிறது. மூன்று கயிறு ஐட்டம் உங்களுக்குத் தெரியும்தானே, நெட்டை, நடுத்தரம், கட்டை மூன்றும் ஒரே அளவாகிறது. முன்பு அதைச் செய்யும்போது ‘இதோ பாருங்கள், சமமாகிவிட்டது’ என்று சொல்லிக் கை விரிப்பேன், சனம் மரியாதைக்குக் கைதட்டும். கிளாக்கர் ஆன பிறகு எப்படிச் செய்கிறேன் என்றால், நெட்டைக் கயிற்றைத் தூக்கி “இது அமைச்சுக்கு”, நடுவிலானதை “இது திணைக்களத்துக்கு”, கட்டையை இரண்டு விரலால் தூக்கி “இது உங்களுக்கு” என்கிறேன். பைலைப் பார்த்துச் சரி பிடித்துக்கொள்கிறேன். நிமிர்ந்தால் மூன்றும் சமம். நான் கைதட்டல் கேட்பதில்லை, நடுங்குகிறேன். இடப்பக்கம் பார்க்கிறேன், வலப்பக்கம் பார்க்கிறேன். “ஐயோ, எல்லாருக்கும் சமமா? ஓடிற்றில பிடிபடுமே!” அவசர அவசரமாகக் கயிற்றைப் பைலுக்குப் பின்னால் கொண்டுபோய் எடுத்தால், பழையபடி நெட்டை, நடு, கட்டை. “அப்பாடா” என்று நெற்றியைத் துடைக்கிறேன். கயிறு அதேதான், கை வேலையும் அதேதான். சிரிப்பு மட்டும் எங்கிருந்து வந்தது?

அதே மாதிரி, சபையில் ஒருவரிடம் நூறு ரூபாய்த் தாள் வாங்கிப் பைலுக்குள் வைப்பேன். தாள் காணாமல் போகும். அவர் என்னைப் பார்ப்பார், நான் மணிக்கூட்டைப் பார்ப்பேன். அவர் இன்னும் பார்ப்பார். நான் பேனையை மூடிப் பொக்கெற்றில் வைத்துவிட்டு, “நாளைக்கு வாங்கோ” என்பேன். இது எந்த ஊரிலும் தோற்றதில்லை. கிண்ணியாவிலும் சரி, மூதூரிலும் சரி. சிங்களச் சனம் கலந்திருந்தால் “ஹெட்ட என்ன” என்று அவர்கள் மொழியில் அதையே சொல்வேன், நாளைக்கு வாருங்கள் என்றுதான் அர்த்தம். உடனே ஒரு தமிழ்ப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து “என்ன ‘என்ன’? சிங்களத்தில ‘என்ன’ எண்டா ‘வாங்கோ’!” என்றால் இரண்டு பக்கமும் சிரிக்கும். எங்கள் ஊருக்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். காணாமல் போன கடுதாசியை யார் எடுத்தது என்று கேட்டால், “காலமை கோட்டைப் பக்கத்து மான் ஒண்டு கந்தோருக்குள்ள வந்துபோனது...” பிரட்றிக் கோட்டையடியில் கடுதாசி தின்கிற மானைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மட்டக்களப்பில் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், ஒரு சத்தமும் இல்லை. அங்கே என் கந்தோருக்குள் மான் வர வழியில்லை என்று விட்டுவிட்டேன்.

வெளிநாட்டுக்காரர்களில் இந்த விஷயத்தில் எனக்குக் குரு கார்டினி. 1895இல் வேல்ஸில் பிறந்தவர். உயரத் தொப்பி, தோள் அங்கி, வெள்ளைக் கையுறை, ஒற்றைக் கண்ணாடி. நீங்கள் போடுகிற உடுப்புக்குக் கிட்டத்தட்ட அண்ணன் உடுப்பு. ஆனால் அவருடைய ஆள் யார் தெரியுமா? விருந்து முடிந்து கொஞ்சம் வெறியோடு வருகிற கனவான். கையில் சீட்டு முளைக்கிறது, இவருக்கு ஏன் என்று தெரியவில்லை. எறிகிறார், விசிறிபோல விரிந்து இன்னும் சீட்டுகள் முளைக்கின்றன. எரிகிற சிகரெற் ஒன்று வருகிறது. அதிர்ச்சியில் ஒற்றைக் கண்ணாடி கண்ணிலிருந்து விழுகிறது. ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தக் கண்ணாடி உடுப்பா, பகிடியா, குணமா? மூன்றும்தான். கையுறையோடு சீட்டைக் கையாளுவது நரகம், செய்து பார்த்தால் தெரியும். முதலாம் உலகப்போரில் பதுங்குகுழிக் குளிரில் கையுறையைக் கழற்றாமல் பழகியவர் அவர். அந்தக் கனவான் கையுறை போடுகிற ஆள், ஆகவே கையுறை இருந்தது.

அடுத்தவர் ரொமி கூப்பர், அவரும் வேல்ஸில் பிறந்தவர்தான். ஆறடிக்கு மேல் உயரம், தலையில் சிவப்புத் துருக்கித் தொப்பி. படையில் எகிப்தில் இருந்தபோது, மேடை நிகழ்ச்சி ஒன்றில் போட வேண்டிய தலைக்கவசத்தை மறந்துவிட்டதால், பக்கத்தில் போன உணவுப் பரிசாரகரின் தலையிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டதாகச் சொல்வார். ஐட்டம் எல்லாம் பிழைக்கும், பிழைத்ததை மறைக்க இன்னொன்று தொடங்குவார், அதுவும் பிழைக்கும். உண்மையில் கைத்திறன் நன்றாக உள்ளவர். பிழைப்பது போல் பிழைக்க வேண்டுமே, அதற்கு இரட்டிப்புப் பழக்கம் வேண்டும். 1984 ஏப்ரல் 15 அன்று இலண்டனில் நேரடித் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மேடையிலேயே மாரடைத்துச் சரிந்தார். சபை அதையும் பகிடி என்று நினைத்துச் சிரித்தது. நினைத்தால் மனம் கனக்கும். ஆனால் வேடம் ஒரு மனிதரில் எவ்வளவு ஊறிவிடலாம் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியாது.

சரி, எல்லாரும் சிரிக்க வைக்க வேண்டுமா? இல்லை. வங்காளத்து பி. சி. சர்க்காரைப் பாருங்கள். 1913இல் பிறந்தவர், மகாராஜா உடுப்பு, தலைப்பாகையில் இறகு. மாயத்தைச் செய்வது ‘நான்தான்’ என்கிற முதலாவது வகை. அவர் மேடையில் வந்து மாமியார் பகிடி சொன்னால் தலைப்பாகை இறங்கிவிடும். அப்படிப்பட்ட ஆளுக்குப் பகிடி வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிறவர் வாயால் வர வேண்டும். இதை நாங்கள் வெளியே போய்ப் படிக்கத் தேவையில்லை, எங்கள் கூத்தில் இருக்கிறது. ராசா கூடைபோல விரிந்த கரப்புடுப்போடு கம்பீரமாக வர, அவருக்கு முன்னால் கட்டியக்காரன் வந்து சபையைச் சிரிக்க வைத்துப் பிடித்துக்கொடுப்பான். ராசாவின் கிரீடமும் கெடாது, சனத்துக்குச் சிரிப்பும் கிடைக்கும். கூத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள், வரவு. ஆளுக்கேற்ற தாளம், ஆளுக்கேற்ற ஆட்டம். வந்து இரண்டு சுற்று ஆடி முடிக்குமுன் யார் வந்திருக்கிறது என்று கடைசி வரிசையில் கச்சான் கொறிக்கிற கிழவிக்கும் தெரிந்துவிடும். மஜிக்காரருக்கும் அந்த வரவு வேண்டும். முதல் அரை நிமிடத்தில் ‘இது என்ன மாதிரி ஆள்’ என்று தெரியாவிட்டால், பிறகு எதற்குச் சிரிப்பது, எதற்கு வியப்பது என்று சனத்துக்குப் பிடிபடாது.

பேச்சு உங்களுக்கு வரவில்லையென்றால் பேசாமலே இருக்கலாம், அதுவும் ஒரு குணம். அமெரிக்காவின் பென், டெல்லர் சோடியில் பென் ஓயாமல் பேசுவார், டெல்லர் மேடையில் வாயே திறப்பதில்லை. டெல்லர் மாணவர் விருந்துகளில் தனியாகச் செய்த காலத்தில், பேசினால் வெறிகாரர்கள் இடையில் கத்துவார்களாம், பேசாமல் செய்தால் அடங்கிப் பார்ப்பார்களாம். அதிலிருந்து பிடித்துக்கொண்டார். மூன்று மொழிக் காதுகள் கலந்திருக்கிற எங்கள் ஊர்ச் சபைக்கு மௌனம் ஒரு நல்ல ஆயுதம் என்று பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வேறு இனத்தாரின் உடுப்பையும் பேச்சையும் வேடமாக எடுக்காதீர்கள். நூறு வருடத்துக்கு முன் அது வழக்கம். வில்லியம் ரொபின்சன் என்ற அமெரிக்கர் சுங் லிங் சூ என்று பெயர் வைத்து, சீனராகவே வாழ்ந்தார். பத்திரிகைக்காரரோடும் மொழிபெயர்ப்பாளர் வைத்துத்தான் பேசினார். 1918 மார்ச்சில் இலண்டனில் துப்பாக்கிக் குண்டைப் பிடிக்கிற ஐட்டம் உண்மையாகவே வெடித்து நெஞ்சில் பாய்ந்தபோதுதான் மேடையில் முதன்முதலாக ஆங்கிலம் பேசினார், திரையை இறக்கச் சொல்லி. ஆளைப் பற்றிய கதை சுவையானது, பின்பற்றத்தக்கது அல்ல. மூன்று சமூகமும் ஒரே சந்தையில் மீன் வாங்குகிற ஊர் எங்களுடையது. கொன்னைத் தமிழ் பேசிக் காட்டினால் ஒரு வரிசை சிரிக்கும், இன்னொரு வரிசை உங்களை மறக்காது.

கோமாளி உடுப்புப் பற்றிக் கேட்டீர்கள். கூட்டாளி குறுக்கு வழி சொல்கிறார், அது நீண்ட வழி. கோமாளி உடுப்புப் போட்டவுடன் முதல் விநாடியிலிருந்து சிரிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டீர்கள். அதைக் காப்பாற்றக் கோமாளிக் கலை தெரிய வேண்டும். விழத் தெரிய வேண்டும், நடக்கத் தெரிய வேண்டும், அது தனிப் படிப்பு. முன்பள்ளியில் மூன்று வயதுப் பிள்ளைகள் வெள்ளைப் பூச்சு முகத்தைக் கண்டு வீரிட்டு அழுது, ரீச்சர்மார் அந்தப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வெளியே போனதையும் பார்த்திருக்கிறேன்.

பகிடியை எங்கே வைப்பது என்பதில் இரண்டு சங்கதி சொல்கிறேன், மற்றது அனுபவத்தில் வரும். ஒன்று, மாயம் நடக்கிற கணத்தில் வாயை மூடுங்கள். கை விரிகிறது, நாணயம் இல்லை. சனம் மூச்சை உள்ளே இழுக்கிறது. அந்த மூச்சு வெளியே வருகிறவரைக்கும், இரண்டு விநாடி, நீங்கள் ஒன்றும் சொல்லக் கூடாது. புதியவர்கள் எல்லாரும் பயத்தில் அந்த இடத்தில்தான் பகிடி சொல்லுவார்கள். அது சுடச்சுடத் தேநீருக்குள் ஐஸ் போடுகிற வேலை. இரண்டாவது, சனம் சிரிக்கும்போது கண் தளரும், பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்க்கும். அந்த ஒரு கணம் உங்கள் கைக்கு எவ்வளவு பெறுமதியானது என்று தொழில் தெரிந்தவருக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்லவும் மாட்டேன். ஆகவே சிரிப்பு ஐட்டத்தின் மேலே பூசுகிற சாயம் என்று நினைக்காதீர்கள், அது உள்ளே இருக்கிற பொறி. எந்த இடத்தில் சிரிப்பு வேண்டும் என்று முதலில் பாருங்கள், பிறகு அந்த இடத்துக்கு உங்கள் ஆள் என்ன சொல்வார் என்று தேடுங்கள்.

மேடைக்குக் கூப்பிடுகிறவரை வைத்து மட்டம் தட்டுவதை அடியோடு விடுங்கள். ஒரு ஐயாவைக் கூப்பிட்டு அவர் வழுக்கையைப் பற்றிச் சொன்னால் அவருடைய பேரப்பிள்ளை சிரிக்காது. உங்கள் கிளாக்கரோ, வீம்புக்காரரோ, அவர்தான் தோற்க வேண்டும். வந்தவர் வென்று இறங்க வேண்டும். இணையத்துப் பகிடி எடுபடாததற்கும் காரணம் இதுதான், இன்னொன்றும் உண்டு. அந்தப் பகிடியை வேறொரு மஜிக்காரரும் அப்படியே சொல்லலாமென்றால் அது உங்களுடையதல்ல. மதுரைத் தமிழில் ஒருவர் தன் பெண்சாதியைப் பற்றிச் சொன்ன பகிடியை, கலியாணம் ஆகாத நீங்கள் உப்புவெளியில் நின்று சொன்னால் சனம் எதைப் பிடித்துச் சிரிக்கும்?

உடுப்பின் நடைமுறை விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பருத்தித் துணி, அதுவும் வேர்வை தெரியாத நிறம். மேடைத் திரை என்ன நிறம் என்று முதலே கேளுங்கள். கறுப்புத் திரைக்கு முன் கறுப்பு உடுப்புப் போட்டால் முகமும் கையும் மட்டும் மிதக்கும். அது வேண்டுமென்று செய்தால் அழகு, தெரியாமல் செய்தால் பேய். பொக்கெற் எங்கே வேண்டும் என்று தையல்காரரிடம் அளவு நாடாவைக் கொடுத்துச் சொல்லாதீர்கள். கண்ணை மூடிக் கையைத் தொங்கவிடுங்கள், விரல் தானாக எங்கே தொடுகிறதோ அங்கே குறி வையுங்கள். கோயில் என்றால் சப்பாத்து இல்லாத, வேட்டியோடு செய்யக்கூடிய ஒரு வடிவம் தனியாக வேண்டும். வேட்டிக்குப் பொக்கெற் இல்லை, மடியை நம்பினால் நடுவில் அவிழும். கடற்கரையில் திறந்த மேடை என்றால் உயரத் தொப்பியும் பட்டு லேஞ்சியும் காற்றுக்கு நேர்ந்துவிட்டவை. எந்த உடுப்பென்றாலும் அதைப் போட்டுக்கொண்டு வீட்டில் பத்து நாள் பழகுங்கள். பிள்ளைக்கு முன்னால் முழங்காலில் இருந்து பாருங்கள். புது உடுப்பு முழங்காலில் இருக்கும்போதுதான் தன் புத்தியைக் காட்டும்.

இனி உங்கள் விஷயம். நீங்கள் கேள்வியில் ஒரே ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன சங்கதியைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசித்தேன், பாமசி. டொக்டர்மாரின் கையெழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒரே சாதி உங்களுடையது! முன்கூட்டியே எழுதி வைக்கிற ஐட்டம் ஒன்று கட்டாயம் பழகியிருப்பீர்கள். சபையில் ஒருவர் மனதில் ஒரு சீட்டை நினைக்கிறார். நீங்கள் முதலே எழுதி ஒட்டிய உறையை அவரே கிழிக்கிறார். உள்ளே ஒரு துண்டு, அதில் ஒரு கிறுக்கல். அவருக்கு வாசிக்க முடியவில்லை. பக்கத்தில் இருப்பவருக்கும் முடியவில்லை. நீங்கள் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, தூரப்பிடித்து, கிட்டப்பிடித்து, “ம்... ஆடுதன் ஏழு. சாப்பாட்டுக்குப் பின்” என்கிறீர்கள். சனம் சிரிக்கும், ஏமாற்று என்றும் நினைக்கும், நினைக்கட்டும். அப்போது துண்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் கொட்டை எழுத்தில், ஒரு பிள்ளையும் வாசிக்கக்கூடிய மாதிரி, ஆடுதன் ஏழு. இங்கே வாயை மூடிக்கொண்டு இரண்டு விநாடி நில்லுங்கள்.

இந்த ஆள் யார்? மாயத்தைச் செய்கிறவர் அல்ல, சொல்லப்பட்டதை அப்படியே எடுத்துக் கொடுக்கிறவர். யாரோ எழுதிய மருந்துச் சீட்டைப் பார்த்து, பொறுமையாக, கொஞ்சம் களைத்து, எல்லாருக்கும் ‘காலை ஒன்று இரவு ஒன்று’ சொல்கிறவர். அவருக்கு ஆச்சரியம் வராது, அவசரம் வராது. சபை கத்தினால் “வரிசையா வாங்கோ” என்பார். உடுப்பு உங்கள் வேலை உடுப்பேதான். வெள்ளைக் கோட் வேண்டாம், டொக்டர் என்று நினைத்துவிடுவார்கள், அது வேறு ஆள். உங்கள் வெட்கச் சிரிப்புக்கு இங்கே வேலை இல்லை, அதைக் கட்டாயம் பழகி அடக்க வேண்டும். அதுதான் உங்களுக்குப் பாடான இடம் என்று நினைக்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இந்த வேடத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் குளிசையைக் கையில் எடுக்கக் கூடாது. வாயில் போடுகிற மாதிரிப் பாவனையும் கூடாது. இனிப்பைக் குளிசை உறையில் போட்டுக் கொடுப்பதும் கூடாது. பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மம்மாவின் பிறஷர் மருந்தில் செய்து பார்க்கும். பஞ்சுப் பந்து, சட்டைப் பொத்தான், இவை போதும். காலை, பகல், இரவு என்று கட்டம் அச்சடித்த அந்தச் சின்னக் கடுதாசி உறைகள் இருக்கின்றனவே, அவை உங்கள் மேடைச் சாமான். பிரித்தால் பந்து ஒன்று, மூடித் திறந்தால் மூன்று. முதலாளியிடம் கேட்டு ஒரு கட்டு வாங்குங்கள், கடைப் பெயர் அச்சடிக்காததாகப் பார்த்து. வாணிவிழாவுக்கு இரண்டு ஐட்டம் மட்டும் இந்த ஆளாகச் செய்துபாருங்கள், மிச்சத்தைப் பழையபடி செய்யுங்கள். போனைப் பொக்கெற்றுக்குள் போட்டு ஒலியை மட்டும் பதிவு செய்து, இரவில் படுத்திருந்து கேளுங்கள். எந்த இடத்தில் சனம் சிரித்தது, எந்த இடத்தில் கதிரை அரக்கிற சத்தம் கேட்டது என்று குறித்து எனக்கு எழுதுங்கள். கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அதன் உள்பொக்கெற்றை அவிழ்த்துப் பாருங்கள். பழைய கோட்டில் தைத்த உள்பொக்கெற் நல்ல உறுதியாக இருக்கும், சேர்ட்டுக்கு மாற்றித் தைக்கலாம்.